ராட்டினத்துக்கும் மாமன் மடியா?

முத்துவேலுக்குத் தன் மச்சான் திருமலையைக் கண்டால் ஆகாது. காரணம், அந்தப் பையன் இதுவரை ஒரு தப்பும் செய்யாததுதான். குடித்துவிட்டு வந்தால் திட்டலாம். வாய்த்துடுக்காகப் பேசினால் சண்டை போடலாம். அவனோ வரும்போதே சிரித்துக்கொண்டு வருகிறான், அக்காளுக்குக் காய்கறி வாங்கி வருகிறான், மாமா சாப்பிட்டாரா என்று கேட்ட பிறகுதான் தட்டில் கை வைக்கிறான். இப்படிப்பட்டவனை எந்தச் சாக்கில் வெறுப்பது? சாக்குக் கிடைக்காத வெறுப்பு உள்ளுக்குள்ளேயே புளித்துப்போய்ப் பொறாமையாகிவிடும். முத்துவேலுக்கு ஆனது அதுதான்.

இதையெல்லாம் சொல்ல நீ யாரம்மா என்று கேட்பீர்கள். நான் கிருஷ்ணம்மாள், பக்கத்து வீடு. ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறாயுசு என்பார்கள். அதற்கும் மேலே, முத்துவேலின் பட்டுத் தறிக்குத் தார் சுற்றித் தருவது நான். தறியில் குறுக்கே ஓடுகிற கட்டை நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுகிற வேலை. அவன் தறிக்குழியில் காலை இறக்கும்போது நான் ராட்டையோடு எதிரில் உட்காருவேன். அவன் மூச்சு விடுவதை வைத்தே அன்றைக்கு அவனுக்கு யார்மேல் எரிச்சல் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் திருமலை மேல்தான்.

முத்துவேலின் பெண்டாட்டி இளமதி பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். ஒரே மகள் மணிமேகலை, நாலு வயசு, எல்.கே.ஜி. எல்லோருக்கும் அவள் மேகா. மேகாவை எழுப்புவது, பல் தேய்த்துவிடுவது, ஓடி ஓடி இட்லி ஊட்டுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது, மதியம் கூட்டி வருவது, தூங்க வைப்பது எல்லாம் முத்துவேல்தான். அவன் போட்டுவிடுகிற இரட்டைச் சடையில் வகிடு கோணி நான் பார்த்ததில்லை. தூங்கி எழுந்ததும் அவள் நேராகத் தறிக்கு வந்து அப்பன் மடியில் ஏறிக்கொள்வாள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே நாடாவை எறிந்து, மிதியை மிதித்து, நெய்துகொண்டிருப்பான். வேலை பாதி வேகத்தில்தான் ஓடும். முகம் மட்டும் திருவிழாவாக இருக்கும்.

அந்தத் திருவிழா வாரா வாரம் ஒரு பைக் ஹாரனில் கலையும். திருமலைக்கு ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. லீவு கிடைத்தால் பைக்கில் வந்துவிடுவான். தெருமுனையில் ஹாரன் கேட்டதும் மேகா அப்பன் மடியிலிருந்து மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுவாள். "மாமா வந்துகினு கீறாரு!" என்ற கத்தல் தெருவுக்கே கேட்கும். முத்துவேல் மிதியை அழுத்தி ஒரு மிதி மிதிப்பான் பாருங்கள், தறி ஆடும்.

"மெதுவா தம்பி. இழை அறுந்துடப் போவுது" என்பேன்.

"அறுந்தா முடிபோட்டுக்கலாம்க்கா" என்பான்.

உறவுமுறைப்படி அவன் திருமலையை மச்சான் என்று கூப்பிட வேண்டும். திருமலை அவனை வாய்க்கு வாய் மாமா என்கிறான். முத்துவேலோ கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை விழுங்கிவிட்டான். பெண்டாட்டியிடம் பேசினால் "உந்தம்பி". என்னிடம் பேசினால் "அந்தாளு". நேரில் வந்துவிட்டால் "இந்தாப்பா". அவ்வளவுதான்.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும், நான் கூடவே இருந்தேன். மேகாவுக்கு ஒரு வயசு முடிந்ததும் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தினார்கள். நம் ஊர் வழக்கம் தெரியுமே. மொட்டைக்கும் மாமன் மடி, காதுகுத்துக்கும் மாமன் மடி. திருமலை சீர் வரிசையோடு வந்து, புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். பெற்றவன் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். ஊசி ஏறியபோது மேகா வீறிட்டு அழுதாள். முத்துவேல் ஓடி வந்து கையை நீட்டினான். அவளோ மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். யார் மடியில் இருந்ததோ அவன் கழுத்தைத்தானே பிள்ளை பிடிக்கும்? அதற்குக்கூடக் கோபப்பட முடியுமா? முத்துவேல் பட்டான்.

அந்தப் படம் இன்றைக்கும் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. நடுவில் மாமன், மடியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலை. முத்துவேல் ஓரத்தில். அவன் முகத்தில் பாதியைச் சட்டம் மறைத்துவிட்டது. தறியில் உட்கார்ந்தால் நேர் எதிரில் தெரிகிற சுவர் அது. இளமதி வேண்டுமென்று மாட்டவில்லை, ஆணி அங்கேதான் இருந்தது.

போன ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் திருமலை மேகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். சென்னைக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு தீம் பார்க். தண்ணீரில் சறுக்குகிறார்கள், தலைகீழாகத் தொங்குகிறார்கள், கத்துகிறார்கள்.

"மேகா குட்டிய மாமா இங்க கூட்டினு போறேன். ராட்டினத்துல மாமா மடியில உக்காந்துகினு ஜாலியா சுத்தலாம், சரியா?"

"சரி!" என்றாள் மேகா.

தறி நின்றுவிட்டது. நான் முத்துவேலின் முகத்தைப் பார்த்தேன். காது நுனி சிவந்திருந்தது. திருமலை டீ குடித்துவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்தவன், பைக் சத்தம் தேய்ந்ததும் வெடித்தான்.

"மொட்டைக்கு மாமன் மடி. காதுகுத்துக்கு மாமன் மடி. சரி, சாஸ்திரம்னு வுட்டேன். ராட்டினத்துக்குமா மாமன் மடி? எந்த சாஸ்திரத்துல கீதுக்கா அது?"

"எதுலயும் இல்ல" என்றேன்.

"அப்ப அவ மொத ராட்டினம் எம்மடியிலதான். முடிவு பண்ணிட்டேன். அந்தாளுக்கு முன்னாடி நான் கூட்டினு போறேன்."

அன்றைக்கு அவன் வேறு எதையும் கேட்கவில்லை. சொத்து கேட்கவில்லை, சுகம் கேட்கவில்லை. பெற்ற பெண்ணின் முதல் ராட்டினம் தன் மடியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வயிறும் எரிந்தது. என் அப்பன் என்னைத் தூக்கிய ஞாபகமே எனக்கு இல்லை. ஒரு பிள்ளையை மடியில் வைக்க இரண்டு ஆம்பிளைகள் அடித்துக்கொள்கிறார்கள். கொடுத்து வைத்தவள்டி நீ என்று மேகாவின் கன்னத்தைக் கொஞ்சம் அழுத்தியே கிள்ளிவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் அந்த வீட்டில் நடந்தது படையெடுப்புக்கான ஏற்பாடு. போனைத் தறிமரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, நெய்தபடியே பார்க் வீடியோவாகப் பார்த்தான். நாலு வயசுப் பிள்ளையை எதில் ஏற்றலாம், எதில் ஏற்றக் கூடாது, தண்ணீரில் நைலான் துணிதான் போட வேண்டுமா, மதியம் தூங்குகிற பிள்ளை அங்கே என்ன செய்யும், எல்லாம் விசாரித்தான். மகளைத் தறிக்காலில் சாய்த்து நிறுத்தி உயரம் பார்த்தான். பெரிய ராட்டினம் எதிலும் அவளை விடமாட்டார்கள், குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது என்று கண்டுபிடித்தான். சிறு குழந்தைகள் பெரியவர்கள் துணையோடுதான் வர வேண்டும் என்று அந்தப் பார்க்கின் இணையப் பக்கத்தில் போட்டிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினான்.

"பாத்தியாக்கா? துணையோடன்னா இன்னா அர்த்தம்? மடியிலதான? வேற எப்படி உக்கார வெப்பாங்க?"

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எங்களுக்கு எந்த நல்லது கெட்டதும் பிள்ளையை ஒரு மடியில் வைத்துத்தானே நடக்கும்.

எந்த நாளில் போவது என்பதில்தான் அவன் சாமர்த்தியம் முழுவதும் இருந்தது. சனி ஞாயிறு போனால் திருமலைக்கு லீவு, ஒட்டிக்கொள்வான். ஆகவே வாரநாள். ஆனால் நெசவுக்காரனுக்கு வாரநாளில் லீவு ஏது? ஒரு வழிதான் உண்டு. தறியில் ஏற்றின பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்து, கடைசிச் சேலையை அறுத்துக் கொடுத்த பிறகு, புதுப் பாவைப் பழைய இழைகளோடு இழைக்கு இழை பிணைப்பதற்கென்று தனி ஆட்கள் வருவார்கள். அவர்கள் பிணைக்கிற நாளில் நெய்கிறவனுக்குத் தறியில் வேலையில்லை. அந்த நாள் திருமலைக்கு ஷிப்டு இருக்கிற நாளில் வந்து விழ வேண்டும். அதற்காக முத்துவேல் நெய்த நெசவு இருக்கிறதே, பேய் பிடித்தவன் கெட்டான்.

"அக்கா, ஜல்தி. தாரு தீந்துடுச்சி."

"எனக்கு இன்னா பத்து கையா கீது?"

"ஆவணி மொத புதன்கிழம பாவு தீரணும்க்கா. தீந்தே ஆவணும்."

கல்யாணத்துக்கு அவசரமாகச் சேலை கேட்டு முதலாளி மன்றாடியபோதுகூட அவன் இப்படி நெய்ததில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, என்ன முத்துவேலு ஞானம் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல் இருந்தது. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னான். அவன் பிறந்ததிலிருந்து ராட்டினம் ஏறியதில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டாலே குமட்டுகிற ஆள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு மேலே போய்த் தலை சுற்றினால்? கையை விட்டுவிட்டால்? அந்த நினைப்பிலேயே அவனுக்கு வேர்த்தது.

ஆடி வெள்ளிக்குப் படவேட்டுக்குப் போனபோது, நானும் என் வீட்டுக்காரரும் அவனும்தான் போனோம். மேகா பள்ளிக்கூடத்தில், இளமதிக்குக் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், என் கையிலிருந்த தேங்காய் பழப் பையை வாங்கினான்.

"இன்னாத்துக்கு?"

"மேகா வெயிட்டு வராது. பரவால்ல."

அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, திருவிழாவுக்கு வெளியே போட்டிருந்த பெரிய ராட்டினத்தில் ஏறினான். கீழே நின்று பார்த்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. சுற்றி இருந்தவர்கள் கத்துகிறார்கள், கையைத் தூக்குகிறார்கள். இவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தேங்காய்ப் பையின் மேல் தாடையை வைத்து அழுத்திக்கொண்டு, சாமி கும்பிடுகிறவனைப் போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். இறங்கியவன் நேராக வேலியோரம் போய் வாந்தி எடுத்தான். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. முத்துவேல் வாயைத் துடைத்துக்கொண்டு பையை என்னிடம் கொடுத்தான். வாழைப்பழம் நசுங்கிக் கூழாகியிருந்தது.

"கைய வுடல பாத்தியாக்கா" என்றான்.

அப்போதுதான் எனக்கு முதன்முதலாகச் சிரிப்பு நின்றது. இவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

ரகசியம் வெளியானது மேகாவால்தான். நாலு வயசுப் பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லாதே என்றால் அதை முதலில் யாரிடம் சொல்லும்? எவனிடம் சொல்லக் கூடாதோ அவனிடம்தான். திருமலை வீடியோ காலில் வந்தபோது, போனுக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு சொன்னாள்: "மாமா, நாங்கோ பார்க்குக்குப் போறோம். நீ வரக் கூடாதாம். அப்பா சொன்னாரு."

இளமதி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். செருப்போடு உள்ளே வந்தாள்.

"ஏங்க, எந்தம்பி உங்களுக்கு இன்னா பண்ணான்?"

"ஒன்னும் பண்ணல."

"அப்ப ஏன் அவன் வரக் கூடாது?"

"ஒன்னும் பண்ணாததுதான் பேஜாரு" என்று முத்துவேல் முணுமுணுத்தான். அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

அப்புறம் மறைக்க முடியவில்லை. மடி விவகாரத்தை உடைத்துச் சொல்லிவிட்டான். சொல்லச் சொல்ல அவனுக்கே வெட்கமாகிக் குரல் இறங்கியது. இளமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"மாமன் மடியாம், அப்பன் மடியாம். பத்து மாசம் சொமந்தவ ஒருத்தி கீறாளே, அவளுக்கும் ஒரு மடி கீதுன்னு இந்த வூட்ல யாருக்காச்சும் நெனப்பு கீதா? பாதி நாளு நான் பில்லு போட்டுட்டு வரதுக்குள்ள அவ தூங்கிடறா. எனக்குப் பொறாம வரக் கூடாதா? நான் யாரு கூட சண்ட போடறது?"

முத்துவேல் நாடாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். நானும் ராட்டையைப் பார்த்துக்கொண்டேன். அந்த வீட்டில் பொறாமை அவன் ஒருத்தனுக்குத்தான் சொந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

"அவன் வரலன்னா நானும் வரல" என்று முடித்தாள் இளமதி. அவளே போன் போட்டுத் தம்பியை வரச் சொன்னாள். தங்கமான பையன் அல்லவா, உடனே ஷிப்டை மாற்றிக்கொண்டான். ஒரகடத்திலிருந்து நேராகப் பார்க் வாசலுக்கு வந்துவிடுவதாகச் சொன்னான்.

முத்துவேல் மறுநாள் தறியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னான்: "அக்கா, நீயும் வா. கார்ல எடம் கீது. எம்பக்கம் பேச ஒரு ஆளு வேணும்." புளிசோறு கட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

பாவு சொன்ன நாளில் தீர்ந்தது. பிணைக்கிறவர்களிடம் தறியை விட்டுவிட்டு, விடிந்ததும் வாடகைக் காரில் செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகப் போனோம். மேகாவுக்குப் பட்டுப் பாவாடை போட வேண்டும் என்று முத்துவேல் அடம்பிடித்திருந்தான். தண்ணீர் பட்டால் யார் நஷ்டம் என்று இளமதி ஒரு நைலான் கவுனை மாட்டிவிட்டாள். காரில் பிள்ளை அப்பன் மடியிலா அம்மா மடியிலா என்று பேச்சு வந்தபோது, அவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என் மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிப்போனாள். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். காஞ்சிபுரம் தாண்டும்வரை கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை.

பார்க் வாசலில் திருமலை நின்றிருந்தான். கையில் மேகாவுக்கு ஒரு மஞ்சள் தொப்பி. அவள் கண் விழித்ததும் "மாமா!" என்று பாய்ந்தாள். முத்துவேல் கார் கதவை அறைந்து சாத்தினான். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று காவலாளி என் புளிசோற்றைத் தடுத்துவிட்டதால், அது கார் டிரைவருக்குப் போயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உள்ளே போனதும் குழந்தைகள் பகுதிக்கு முத்துவேல் வழி காட்டினான். ஒரு மாதம் வீடியோவில் நடந்த வழி அல்லவா, யாரையும் கேட்கவில்லை. அங்கே சின்னச் சின்ன யானைகள் வட்டமாக நின்றன. ஒவ்வொரு யானையின் முதுகிலும் ஒரு தொட்டி. சுற்றும்போது யானை மெல்ல ஏறி ஏறி இறங்கும். இதுதான் என்று முத்துவேல் கையைக் காட்டினான். வரிசையில் நின்றோம். மேகா நடுவில், ஒரு கை அப்பனிடம், ஒரு கை மாமனிடம்.

திருமலைதான் முதலில் ஆரம்பித்தான். பாவம், விஷமமாகச் சொல்லவில்லை.

"மாமா, நான் உக்காந்துக்கறேன். உங்களுக்கு பஸ்லயே தல சுத்தும்."

"எனக்கு ஒன்னும் சுத்தாது."

"முறைன்னு ஒன்னு கீது இல்ல மாமா. மொதல்ல நான் வெச்சிக்கறேன், அடுத்த ரவுண்டு நீங்க."

"முறையா?" முத்துவேலின் குரல் உயர்ந்தது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இந்தாப்பா, எம்பொண்ணு மொட்டைக்கு உம்மடி. காதுகுத்துக்கு உம்மடி. நான் துண்டப் புடிச்சிகினு நின்னேன். இன்னைக்கி நீ நில்லு. தெனமும் எம்மடியிலதான் அவ தறியப் பாக்கறா. இதுவும் எம்மடியிலதான்."

திருமலையின் முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை வருஷத்தில் அவனுக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. இளமதி தலையில் அடித்துக்கொண்டாள். முத்துவேல் பக்கம் பேச வந்த நான், முன்னால் வரிசை நகர்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

வரிசை நகர்ந்து கதவுக்கு வந்துவிட்டோம். முத்துவேல் மேகாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தான். கோயிலுக்குள் போகிற மாதிரி.

அங்கே நின்ற யூனிபார்ம் போட்ட பெண் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"சார், பெரியவங்க உள்ள வரக் கூடாது. இது பசங்க மட்டும்."

"கொழந்தைம்மா இவ. துணைக்கு..."

"பார்க்குக்குள்ள துணைக்கு வரணும் சார். ரைடுல ஏறக் கூடாது. நீங்க உக்காந்தா யான ஒடஞ்சுடும். பாப்பாவ எறக்கி வுடுங்க, நாங்க பெல்ட் போட்டுக்கறோம்."

முத்துவேல் என்னைப் பார்த்தான். நான் திருமலையைப் பார்த்தேன். திருமலை யானையைப் பார்த்தான். ஒரு மாதமாக நெய்த நெசவும், படவேட்டில் நசுங்கின வாழைப்பழமும் என் கண் முன்னால் வந்துபோயின. யாருக்கும் மடியே தேவையில்லாத ஒரு ராட்டினத்துக்காகவா இத்தனையும்?

"அய்யய்யோ, தனியா உக்காந்தா அழுவாளே" என்றான் முத்துவேல்.

"பயந்துடுவா மாமா" என்றான் திருமலை.

மேகா அதற்குள் அப்பன் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள். மஞ்சள் தொப்பியைக் கழற்றி மாமன் கையில் திணித்துவிட்டு ஒரு நீல யானையிடம் ஓடினாள். அந்தப் பெண் தூக்கி உட்காரவைத்து பெல்ட் போட்டாள். மேகா பக்கத்தில் அவள் வயசே இருக்கிற ஒரு பையனையும் உட்காரவைத்தாள். சுருட்டை முடி, ஓட்டைப் பல். யார் வீட்டுப் பையனோ.

நாங்கள் எல்லோரும் வேலிக்கு வெளியே போய் நின்றோம். முத்துவேல் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனை ஒட்டித் திருமலை. யானைகள் கிளம்பின.

முதல் சுற்றில் அவள் எங்கள் பக்கம் வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். யாரைப் பார்த்து டாட்டா காட்டுவாள் என்பதுதான் கேள்வி. இளமதியும் கையைத் தூக்கினாள். நான் கூடத் தூக்கினேன், எனக்கென்ன குறைச்சல்? மேகா எங்களைப் பார்க்கவில்லை. யானையின் காதைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சுற்றில் யானை மேலே ஏறியது. அவள் உதடு பிதுங்கியது. இருவரும் வேலியில் ஏறப் போனார்கள். பக்கத்திலிருந்த சுருட்டை முடி என்னவோ சொன்னான். மேகா அவனைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். யானை இறங்கியது. அவள் சிரித்தாள். சும்மா சிரிப்பில்லை, தலையைப் பின்னால் சாய்த்து, மொத்த வாயையும் திறந்த சிரிப்பு. மாமன் வந்தால் சிரிப்பதைவிடப் பெரிது. தறியில் அப்பன் மடியில் சிரிப்பதைவிடவும் பெரிது.

அதற்குப் பிறகு எத்தனை சுற்று வந்தாலும் அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூக்கின கைகளை இருவரும் எப்போது இறக்கினார்கள் என்று தெரியவில்லை. முத்துவேலுக்குக் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு திருமலை நின்ற நிற்பு, எனக்குப் படவேட்டில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தனை ஞாபகப்படுத்தியது. முத்துவேலும் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராட்டினம் நின்றது. பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். வெளியே வருகிற கதவருகே இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைகளை விரித்து வைத்தார்கள். மேகா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் இரண்டு பேரையும் தாண்டி, சுருட்டை முடியின் கையை விடாமலேயே, மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள்.

விரித்த கைகளோடு இரண்டு ஆம்பிளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முத்துவேல்தான் முதலில் எழுந்தான். கையை நீட்டித் திருமலையைத் தூக்கிவிட்டான்.

"மச்சான்" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "அந்தப் பையன் யாரு, இன்னான்னு போய் விசாரி."